புறநானூறு 255ஐ வகுப்பில் சொன்னது தப்பா?

ஞாயிறு_வகுப்பு (தான்லியின்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், கரண்ட் போவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

தான்லியின் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். 1960களில் பர்மாவில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் கையைவிட்டுப் போன பிறகு நமக்குக் கோயில் மண்டபம்தானே பள்ளிக்கூடம். பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேருக்கு இன்னும் உயிர்மெய் தடுமாறுகிறது. மூத்த பிள்ளைகள் நாலு பேருக்கு மட்டும் போன மாதம் புறநானூற்றில் ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்தேன். ஆறு வரிதான், சுருக்கமாக இருக்கிறதே என்று எடுத்தேன். வேறு யோசனை எதுவும் இல்லை.

அந்த நாலு பேரில் ஒரு பையன், பதினாறு வயது. அவன் அண்ணன், 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்ததும் வீட்டை விட்டுப் போனவன். எங்கே போனான், யாரோடு இருந்தான் என்று எழுத மாட்டேன், உங்களுக்கே புரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு போன் வந்தது. அவ்வளவுதான். உடல் வரவில்லை. வீட்டில் படம் மாட்டவில்லை, விளக்கு வைக்கவில்லை, பதினாறாம் நாள் இல்லை. தெருவில் கேட்பவர்களுக்கு மலேசியாவில் வேலை செய்கிறான் என்றே இன்னும் பதில். அம்மா குளிக்கும்போதுதான் அழுவார் என்று பையன் ஒரு தடவை சொன்னான். வாளியில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பாராம். தண்ணீர் தீர்ந்த பிறகும் வாளியில் சொம்பு இடிக்கும் சத்தம் கேட்குமாம்.

நான் படித்த வரி இது: ‘ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே.’ காட்டு வழியில் புருஷன் செத்துக் கிடக்கிறான். வாய்விட்டு ஐயோ என்றால் புலி வந்துவிடுமோ என்று பயம். அள்ளித் தூக்கலாம் என்றால் அகன்ற மார்பு, அவளால் தூக்க முடியவில்லை. இந்த அர்த்தத்தைச் சொன்னதும் அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான். “சயா, அந்தப் பொம்பளை கடைசியில அழுதாளா?” என்று கேட்டான். (சயா என்றால் இங்கே வாத்தியார்.) பாட்டில் அது இல்லையே என்றேன். நோட்டில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டான், ‘அன்சுவலே’ என்று.

மறுநாள் அவன் அம்மா கோயிலுக்கு வந்து அந்த நோட்டைக் காட்டி, “என்ன எழுதிக் குடுத்தீங்க, படிங்க” என்றார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படித்து அர்த்தம் சொன்னேன். தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பையன் இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை.

நான் செய்தது சரியா? உங்கள் அபிப்பிராயம் வேண்டும்.

மோல்மேன்_மல்லி எழுதியது:

தம்பி, மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஆத்திசூடியோடு நிறுத்தியிருக்கலாம்.

நீங்கள் எடுத்த அதே நூலில் கொஞ்சம் தள்ளி 278ஆம் பாட்டு இருக்கிறது. போரில் மகன் புறமுதுகு காட்டினான் என்று பலரும் சொல்ல, அது உண்மையானால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள் ஒரு கிழவி. பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடி, துண்டு துண்டாகக் கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாளாம். அடுத்தது 279. முந்தின போரில் ஒருவரை இழந்தாள், நேற்றுப் போரில் புருஷனை இழந்தாள், இன்றைக்குப் பறைச் சத்தம் கேட்டதும் இருக்கிற ஒரே மகனுக்குக் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளை வேட்டி கட்டி, வேலைக் கையில் கொடுத்துப் போ என்கிறாள்.

நானும் ஒரு மகனைப் பெற்றவள். இதையெல்லாம் வீரம் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்த அம்மா நாளைக்கு இந்தப் பக்கத்தையும் புரட்டினால் என்ன செய்வீர்கள்?

பழஞ்சுவடி எழுதியது:

மல்லி அக்கா, பாட்டு எண்கள் சரி. ஆனால் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 278, 279 இரண்டையும் பாடியவர்கள் பெண்கள், காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் ஒக்கூர் மாசாத்தியாரும். பாட்டு எந்தச் சூழலைப் பாடுகிறது என்பதற்கு வைத்த பெயர்தான் துறை. 278இன் துறைக்கு என்ன பெயர் தெரியுமா? உவகைக் கலுழ்ச்சி. கலுழ்தல் என்றால் அழுதல். சந்தோஷப்பட்டாள் என்று பாட்டு சொல்கிறது, துறைக்குப் பெயர் வைத்தவன் அழுகையையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறான். 279 எப்படித் தொடங்குகிறது? ‘கெடுக சிந்தை, கடிது இவள் துணிவே.’ பாராட்டு என்றுதான் உரைகளில் இருக்கும். எனக்கு எப்போதும் பதறிப்போய் ஒருத்தி சொன்ன மாதிரிதான் கேட்கிறது. பாவி, இவள் மனசு நாசமாய்ப் போக, எப்படித் துணிந்தாள்!

255 வன்பரணர் பாடியது. துறை முதுபாலை. வழியில் கணவனை இழந்து தனியே நிற்கும் பெண்ணின் புலம்பலுக்குத் தொல்காப்பியர் கொடுத்த பெயர் அது. அதே இடத்தில்தான், செத்தவரை நினைத்து இருப்பவர்கள் புலம்பும் கையறுநிலையும் வருகிறது. கையறுநிலை என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கை அற்றுப்போன நிலை. செய்ய ஒன்றுமில்லை, பிடிக்க ஒன்றுமில்லை. இப்படி ஒரு நிலைக்குத் தனியாகப் பெயர் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தோன்றியிருக்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

டீக்கடை_பெஞ்ச் எழுதியது:

அரிசி, எண்ணெய் விலை ஏறுகிற ஏற்றத்தில் இங்கே துறை பிரித்துக்கொண்டு இருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு வேண்டியது மகன் உடல். அதைக் கொண்டுவரப் பாட்டால் முடியுமா? முடியாது. சரி, பேச்சு முடிந்தது.

பெகு_பேத்தி எழுதியது:

பெஞ்ச் அண்ணே, பேச்சு முடியவில்லை. என் பாட்டி கதையைக் கேளுங்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்மஸ் அன்று மறுபடியும். அதற்குப் பிறகு இந்தியாவை நோக்கிப் போனவர்கள் ஐந்து லட்சம் பேர் அளவுக்கு இருக்கும் என்கிறார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம், மற்றவர்கள் நடை. வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். பெகுவில் வயல்வேலை செய்த எங்கள் வீட்டுக்காரர்கள் புரோம் வரை போய், ஆற்றைத் தாண்டி, தவுங்குப் மலைப்பாதையில் ஏறினார்கள். பாட்டிக்கு அப்போது பதினாலு வயது. கூட ஒன்பது வயதில் தங்கச்சி. அந்தப் பாதையில் காலரா.

பாட்டி இதைச் சொன்ன விதம் எப்போதும் ஒன்றுதான்: “நெழல்ல படுக்க வச்சுட்டு வந்தோம்.” செத்தாள் என்ற சொல்லே வராது. புதைக்க நேரமில்லை, கையில் மண்வெட்டியும் இல்லை. கொள்ளுப்பாட்டி தன் சேலையில் பாதியைக் கிழித்துப் போர்த்தினாராம். ‘அழுதா பின்னாடி வர்றவங்க நின்னுருவாங்க, நின்னா எல்லாரும் செத்துருவோம்’ என்று யாரோ ஒரு பெரியவர் அதட்டினாராம். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சண்டை முடிந்து கப்பலில் திரும்பி வந்தார்கள். பாட்டி நல்ல ஒப்பாரிக்காரி. எங்கள் பக்கத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் வந்து கூட்டிப்போவார்கள். யார் யாருக்கோ பாடியவர், தங்கச்சிக்கு என்று ஒரு வரி கட்டியதில்லை. தீபாவளிக்குப் புதுச் சேலை எடுத்தால் முந்தியில் ஒரு சாண் கிழித்து ஆற்றில் விடுவார். சின்ன வயதில் அதைப் பார்த்து, பாட்டிக்குக் கிறுக்கு என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

இப்போது இந்த 255ஐத் தேடிப் பார்த்தேன். கடைசி வரி: ‘வரைநிழல் சேர்கம், நடந்திசின் சிறிதே.’ வரை என்றால் மலையாமே. என் கையைப் பிடித்துக்கொள், மலை நிழலுக்குப் போய்விடலாம், கொஞ்சம் நட, என்று பிணத்திடம் சொல்கிறாள். பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர், புறநானூறு என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார். நிழல் என்ற அதே சொல். நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

டீக்கடை_பெஞ்ச் எழுதியது:

சரி தங்கச்சி, பாட்டிக்கு என் மரியாதை. ஆனால் நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் சாதகம். புத்தகம் இல்லாமலே பாட்டி சமாளித்தார் இல்லையா?

பெகு_பேத்தி எழுதியது:

சமாளித்தாரா? ஐம்பது வருஷம் சேலையைக் கிழித்ததைச் சமாளிப்பு என்கிறீர்களா, அண்ணே?

ஒன்று மட்டும் சொல்கிறேன். பாட்டி ஊரார் சாவில்தான் தன் சாவை அழுதார். ஒப்பாரி வைக்கிற பெண்கள் எல்லாருமே அப்படித்தான். வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழும்போது, செத்துக் கிடப்பது எதிர் வீட்டுக் கிழவர், வாயில் வருவது தன் வீட்டுக் கதை. பழைய பாட்டு என்பதும் எனக்கு அப்படி ஒரு சாவு வீடு மாதிரிதான். யாரோ ஒரு பெண், எந்தக் காடோ தெரியாது, அவள் புருஷன் கிடக்கிறான். நாம் போய் உட்கார்ந்தால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

தான்லியின் ஊரில் இருக்கும் அந்த அம்மாவுக்கு இப்போது போக ஒரு சாவு வீடு இல்லை. சொந்த வீட்டுச் சாவையே மலேசியா என்று சொல்லி மறைக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டிலும் அப்படி ஒரு மலேசியா இருக்கும், யாருக்குத் தெரியும்.

மோல்மேன்_மல்லி எழுதியது:

பேத்தி, இதைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டேன், பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

முதலில் எழுதியதை முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்களுக்குத் தன்பியூசயாத் பக்கம்தான். யுத்தத்தில் ஜப்பான்காரன் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் ரயில்பாதை அங்கேதான் முடியும், 415 கிலோமீட்டர். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல் நட்டு, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளிகள் 90,000 பேர் இருக்கும் என்று ஒரு கணக்கு. மலாயா தோட்டங்களிலிருந்து ஏற்றி வந்த தமிழர்கள் அதில் எத்தனையோ ஆயிரம். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

கைதிகள் பலர் பிழைத்துப் போய் எழுதினார்கள், படம் வரைந்தார்கள், சினிமா வந்தது. நம் ஆட்களில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. ஆர். சண்முகம் என்ற மலேசிய எழுத்தாளரின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை என் கணவருக்குக் கோலாலம்பூரிலிருந்து உறவுக்காரர் கொடுத்தனுப்பினார். என் மாமியாருடைய தாய்மாமன் அந்தப் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர். மாமியாருக்கு நான் தினம் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன். ஏதாவது ஓர் ஆள் வந்தால் “எங்க மாமாவும் இப்பிடித்தான் இருந்திருப்பாரு” என்பார். புத்தகத்தில் வராத ஒருவரை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். முடிகிற வரைக்கும் தினம் சாயங்காலம் பாயை விரித்துத் தயாராக உட்கார்ந்திருப்பார்.

டீக்கடை_பெஞ்ச் எழுதியது:

சமாதி பேச்சு வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன். லாரி ஓட்டிய காலத்தில் பெகு போகும்போது தவுக்சான் தாண்டித்தான் போவேன். அங்கே பெரிய போர்க் கல்லறை இருக்கிறது. 6,374 சமாதி. நடுவில் வட்டமாகத் தூண்கள், அதில் 27,000 பேர் பெயர் வெட்டியிருக்கும். உடல் கிடைக்காத சிப்பாய்கள். ஒரு நாள் வண்டி சூடாகி நின்றுவிட்டது, ஆறட்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். இங்கிலீஷ் தெரிந்த பையன் ஒருவன் அங்கே பொறித்திருப்பதைப் படித்துச் சொன்னான். கூடச் செத்தவர்களுக்குக் கிடைத்த வழக்கமான சடங்குகூட யுத்தத்தின் விதியால் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறதாம். ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என்று ஐந்து மொழியில் ஒரு வாசகம் இருக்கிறது. தமிழ் இல்லை. தூணில் மெட்ராஸ் பட்டாளத்துப் பெயர்களைத் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றாக வாய்விட்டு. கிளீனர் பையன் வந்து, அண்ணே யாரோடு பேசுறீங்க என்று கேட்டான்.

அதனால் என் கட்சி இதுதான். பெயரை வெட்டி வையுங்கள், போதும். பாட்டு கீட்டு வேண்டாம்.

பழஞ்சுவடி எழுதியது:

பெஞ்ச், செத்த வீரனின் பெயரையும் பீடையும் எழுதிக் கல் நடுவதுதான் நடுகல்லுக்கும் வழக்கம். நீங்கள் தெரியாமலே புறத்திணைக்குள், அந்தப் பழைய போர்ப் பாட்டுகளின் இலக்கணத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

டீக்கடை_பெஞ்ச் எழுதியது:

வந்தால் வந்துவிட்டுப் போகிறேன், டீ யார் வாங்கித் தருவது?

லம்மடோ_பையன் எழுதியது:

எல்லாரும் பெரியவர்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தமிழில் பிழை இருக்கும். எனக்கு அந்த ஆறு வரி உரையோடு படித்தும் பாதிதான் புரிந்தது. கீழே விழுந்தால் அம்மா என்று தமிழில் கத்துவேன். அதற்கு மேல் சோகம் வந்தால் எனக்குப் பர்மியம்தான் வருகிறது. மொனிவாவில் 2021 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் கே ஸா வின் கவிதைகளை என் நண்பர்கள் போனில் அனுப்பினார்கள், படித்ததும் அழித்துவிட்டோம். அந்த வருஷம் எனக்கு ஒத்தாசையாக இருந்தது அதுதான், புறநானூறு இல்லை. அந்தப் பையனும் என்னை மாதிரியாக இருந்தால்?

இன்னொன்று. சின்ன வயதில் பக்கத்து மடத்தில் சயாடோ, அதாவது பெரிய பிக்கு, கிசா கோதமி கதை சொல்வார். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு புத்தரிடம் வருகிறாள். சாவே நடக்காத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்கிறார். வீடு வீடாகப் போய்க் கிடைக்காமல் அவளுக்கே புரிகிறது. போன வருஷம் இதே கதையை மறுபடி கேட்டேன். பின்னால் இருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டார். எல்லா வீட்டிலும் சாவு உண்டு என்பது கிழவர்கள் சாகிற ஊரில் ஆறுதல். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் சாகும்போது அது ஆறுதலா? எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

பழஞ்சுவடி எழுதியது:

தம்பி, உன் தமிழில் பிழையைவிடச் சரக்குதான் அதிகம்.

நம்மிடமும் ஒரு கோதமை உண்டு, மணிமேகலையில், சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில். மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்து செத்துப்போகிறான். அவள் உடலைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் வாசலில் நின்று தெய்வத்தைக் கூப்பிடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைக் கொடு என்கிறாள். சம்பாபதி தெய்வம் எவ்வளவோ நியாயம் சொல்லிப் பார்க்கிறது, வினை என்கிறது. அவள் நம்பவில்லை. கடைசியில் இருக்கிற தெய்வங்களையெல்லாம் அங்கே வரவழைத்து, எங்களில் ஒருவராலும் முடியாது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறது. மகனைச் சிதையில் வைத்துவிட்டு அவளும் செத்துப்போகிறாள்.

கடுகுக் கதையில் அவள் தேறி வாழ்கிறாள், இங்கே துயர் நீங்கினாள் என்று ஒரு சொல் வருகிறது, உடனே செத்தும் போகிறாள். பௌத்தம் சொல்ல வந்த சாத்தனார்தான் இவளை வாழ வைக்காமல் விட்டிருக்கிறார். நீ கேட்ட கேள்வி அவருக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பெகு_பேத்தி எழுதியது:

பையன் சொன்ன மொழி விஷயம் முக்கியம். நம் துக்கம் தமிழில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஈழத்தில் கவிஞர் நுஃமான் 1981இல் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் கொண்டுவந்தார். அதே வருஷம்தான் யாழ்ப்பாண நூலகத்தையும் எரித்தார்கள். அரபி தெரியாத பிள்ளைகள் அடுத்தவர் ஊர்ச் சாவில் தங்கள் ஊரைப் பார்த்திருப்பார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா 1942இல் இந்தியாவுக்கு நடந்தே போய், அதைப் புத்தகமாகவும் எழுதினார். நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நானே முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். அதற்குள் பாட்டி போய்விட்டார். வாசித்துக் காட்டியிருந்தால், மல்லி அக்கா மாமியார் மாதிரி அவரும் தங்கச்சியை அதற்குள் கொண்டுபோய் வைத்திருப்பாரோ என்னவோ.

மோல்மேன்_மல்லி எழுதியது:

வகுப்புத் தம்பி எங்கே? பத்து நாளாக ஆளைக் காணோம்.

ஞாயிறு_வகுப்பு (தான்லியின்) எழுதியது:

மன்னிக்கவும், இங்கே இணையம் இல்லை. விபிஎன்னும் வேலை செய்யவில்லை. இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன்.

பையன் வந்துவிட்டான். இரண்டு வாரம் வராததற்குக் காரணம் நான் பயந்தது இல்லை. வெளியே நடமாட வேண்டாம் என்று வீட்டில் வைத்திருந்தார்கள், அவனுக்கும் வயது நெருங்குகிறது இல்லையா. வந்ததும் மிச்ச ஐந்து வரியையும் சொல்லுங்கள் என்றான். அம்மா கேட்கச் சொன்னாராம். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்று சொன்னேன் அல்லவா, அதனால் தமிழ் ஓசையைப் பர்மிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அன்றைய வகுப்பு முழுக்க அதுதான் வேலை. நாலு பிள்ளைகளும் தரையில் படுத்துக்கொண்டு எழுதினார்கள். ‘இன்னாது உற்ற அறனில் கூற்றே’ வரை சண்டை இல்லாமல் போய்விட்டது. கூற்றம் என்றால் எமன், அறம் இல்லாத எமன் என்றேன். “எமனுக்குமா ரூல்ஸ் இருக்கு?” என்று ஒரு சின்னப்பெண் கேட்டாள். இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன்.

‘வரைநிழல்’ வந்ததும் நின்றுவிட்டோம். ழகரத்துக்குப் பர்மியத்தில் எழுத்து இல்லை. ஒருவன் ய போடலாம் என்கிறான், ஒருத்தி சாதாரண ல போதும் என்கிறாள். அந்தப் பையன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா தப்பாகப் படித்துவிடுவார் என்று பிடிவாதம். இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள்.

லம்மடோ_பையன் எழுதியது:

லா ஜீ போடச் சொல்லுங்கள், சயா. பாலிச் சொல்லில் வரும் பெரிய ல. எங்கள் வீட்டில் பாட்டி பெயரில் ழ உண்டு, அடையாள அட்டையில் அப்படித்தான் எழுதுவோம்.